ஆறும் மூணும் அடுத்தடுத்து வரக்கூடாது: சொந்த ஊரிலேயே ஓர் உளவியல் புராஜெக்ட்

உளவியல் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் தலைப்போடு வரும்போது பெரும்பாலும் ஒன்றையேதான் கொண்டுவருகிறார்கள்: செல்போன் பயன்பாடும் மன அழுத்தமும். நானும் எம்.எஸ்ஸி.யில் அதைத்தான் செய்தேன். நெட்டில் கிடைத்த கேள்வித்தாளைத் தமிழாக்கி வாட்ஸ்அப் குரூப்களில் அனுப்பி, வந்த பதில்களை வைத்து இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரே கேள்விதான் கேட்டார்கள்: போன் பார்த்து அழுத்தம் வந்ததா, அழுத்தத்தில் இருப்பவர்கள் போனை எடுக்கிறார்களா? என்னிடம் பதில் இல்லை, நான் சேர்த்த தரவிலும் இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். நீங்களே நேரில் உட்கார்ந்து அளக்கக்கூடிய சின்னக் கேள்வியாக எடுங்கள். அதற்குக் காரைக்குடி போதும், சென்னைக்குப் போக வேண்டாம்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். எண்களைக் கேட்டு அதே வரிசையில் திருப்பிச் சொல்வது நினைவாற்றலுக்கான பழைய சோதனை. ஒரு தடவையில் நினைவில் நிற்பது ஏழு, கூடக் குறைய இரண்டு என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதியது பாடத்தில் வந்திருக்கும். பிறகு 1975இல் ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும், சொல் நீண்டால் நினைவில் நிற்பது குறைகிறது, சுமார் இரண்டு விநாடியில் வாயால் சொல்லி முடிக்கிற அளவுதான் தங்குகிறது என்று காட்டினார்கள். 1980இல் எல்லிஸ், ஹென்னலி என்ற இருவர் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் தெரிந்தவர்களைச் சோதித்தபோது, சொல்ல நேரம் பிடிக்கிற வெல்ஷ் எண்களில் நினைவு குறைவாக வந்தது. இப்போது நம் எண்களைச் சொல்லிப் பாருங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் இரண்டு அசை, ஒம்பது மூன்று அசை. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை செவன் தவிர எல்லாமே ஓரசை. அப்படியானால் ஒரே ஆளுக்குத் தமிழில் குறைவாக நிற்குமா? இல்லை, தாய்மொழிப் பழக்கம் அதை ஈடுகட்டிவிடுமா? இது நல்ல கேள்வி, எந்தப் பதில் வந்தாலும் எழுத விஷயம் இருக்கிறது.

ஒரே ஆளை இரண்டு மொழியிலும் சோதிப்பதில் பெரிய வசதி உண்டு. நடுத்தர அளவு வித்தியாசத்தைப் பிடிக்க 34 பேர் போதும் (வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு, இல்லாததை இருப்பதாக நினைத்துவிட 5 சதவீத வாய்ப்பு என்ற கணக்கில்). தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தால் குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதிப்பேருக்குத் தமிழ் முதலில், மீதிப்பேருக்கு ஆங்கிலம் முதலில், யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண் வரிசை தயாரிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே வரிசையில் ஓர் எண் இரண்டு முறை வரக்கூடாது, நாலு அஞ்சு ஆறு என்று தொடரக்கூடாது, அப்புறம் ஆறும் மூணும் ஒட்டி வரவே கூடாது. டிஎன் 63 நம் மாவட்ட வண்டி நம்பர், இங்கே உள்ளவர்கள் காதில் அது ஒரே துண்டாக விழுந்துவிடும். விநாடிக்கு ஓர் எண், போனில் மெட்ரோநோம் (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் ஆப்) வைத்துக்கொண்டு, போன் நம்பர் சொல்கிற ராகம் இல்லாமல் தட்டையாக வாசியுங்கள். மூன்று எண்ணில் தொடங்கி ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு, இரண்டும் தவறினால் நிறுத்திவிடலாம். கடைசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மீடியத்தில் படித்தீர்கள், உங்கள் போன் நம்பரை எந்த மொழியில் சொல்வீர்கள்? இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், தமிழே பேசுகிற பலரும் எண்ணை மட்டும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள்.

பெரியவர்களையும் சேர்ப்பதாக இருந்தால் இடத்தைப் பாருங்கள். பள்ளத்தூரில் ஒரு வீட்டு முகப்பில் உட்கார்ந்து ஓர் ஆச்சியைச் சோதித்தோம். "நாலு, ஒம்பது, ரெண்டு..." என்று ஆச்சி யோசிக்க, உள்ளே வளவிலிருந்து (வீட்டு நடு முற்றத்திலிருந்து) பேரன் "ஏழு ஆச்சி!" என்று கத்திவிட்டான். அந்த வரிசையை அடித்துவிட்டு வேறு எடுக்க வேண்டியதாயிற்று. பெரிய பட்டாலையில் (கூடத்தில்) குரல் எதிரொலிக்கும், சின்ன அறையாகக் கேட்டு வாங்குங்கள். காது கேட்கிறதா என்று முதலில் ஒற்றை எண்களைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் அளப்பது நினைவை அல்ல, காதை.

மூளை அறிவியல்தான் வேண்டும், ஸ்கேன் வசதி இல்லையே என்பவர்களுக்கு ஒரு ஸ்கேல் போதும். விரல்களுக்கு நடுவே விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். 20 செ.மீ. விழுந்து பிடித்தால் எதிர்வினை நேரம் சுமார் 0.2 விநாடி. கண்ணால் பார்த்துப் பிடிப்பதையும், கண்ணை மூடிக் குரல் கேட்டுப் பிடிப்பதையும் ஒப்பிடலாம், ஆளுக்குப் பத்துப் பதினைந்து தடவையாவது செய்யுங்கள்.

பல்லாங்குழி ஆடும் ஆச்சிகளுக்கு நினைவு கூர்மையா என்று கேட்கத் தோன்றும். அழகான கேள்விதான், ஆனால் நினைவு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஆடுகிறார்கள் என்றும் இருக்கலாம். லண்டன் டாக்சி ஓட்டுநர்களுக்கு, மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் பெரிதாக இருக்கிறது என்று எலினோர் மக்வயர் 2000இல் எழுதியபோதும் இதே சந்தேகம் இருந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களை ஸ்கேன் செய்து 2011இல்தான் அதற்குப் பதில் வந்தது. நீங்களும் ஆடாதவர்களுக்குச் சில வாரம் கற்றுக்கொடுத்து, கற்றுக்கொடுக்காத இன்னொரு குழுவையும் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் அளக்க முடிந்தால் மட்டும் இதை எடுங்கள்.

அனுமதி விஷயத்தில் சுருக்குவழி வேண்டாம். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறை வழிகாட்டியைப் படித்துவிட்டு, கல்லூரி நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் வாங்கிய பிறகே ஆட்களிடம் போங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மகன் சரி சொல்லிவிட்டார் என்பதற்காக ஆச்சியைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. பெயர் எழுதாமல் எண் கொடுங்கள். யாராவது குறைவாகச் சொன்னால் மறதி நோய் என்று வாயே திறக்காதீர்கள், அதைச் சொல்கிற தகுதி நமக்கும் இல்லை, அந்தச் சோதனைக்கும் இல்லை.

முதல் ஆளைச் சோதிப்பதற்கு முன்பே என்ன எதிர்பார்க்கிறீர்கள், யாரைக் கணக்கிலிருந்து நீக்குவீர்கள் என்று தேதி போட்டு எழுதி, கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கணக்குக்கு ஜாஸ்ப் என்ற மென்பொருள் இலவசம், ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடுகிற இணை டி சோதனை போதும். அதற்கு முன் ஒவ்வொருவரின் தமிழ், ஆங்கில மதிப்பெண்ணையும் ஒரு கோட்டால் இணைத்து வரைந்து பாருங்கள். வித்தியாசம் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முடிவை ஒரு பக்கம் தமிழில் எழுதி, உட்கார்ந்து நேரம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். பள்ளத்தூர் ஆச்சி அதை வாங்கிப் படித்துவிட்டு, "என் நம்பர் எது?" என்றுதான் முதலில் கேட்டார்.