துப்பாக்கியை விட உறையைப் பாருங்கள்
கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், அனுமதிப்பத்திரம் எடுத்து வாங்கிய கைத்துப்பாக்கியைச் சாவிக்கொத்தோடு பொக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். ஐயோ! சாவி சுடும் விசையில் மாட்டினால் தொடையில்தான் வெடிக்கும்.

துப்பாக்கியை இடுப்பில் செருகி வைக்க உறை வாங்கும்போது, விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் சுருங்காத விறைப்பான உறையே நல்லது. தளர்ந்த பழைய தோல் உறை மடிந்து விசைக்குள் புகுந்துவிடும். சேர்ட் நுனியும் அப்படித்தான், திரும்ப வைக்கும்போது அவசரம் வேண்டாம்.

அப்புறம் பெல்ட். மெல்லியது என்றால் ஓட்டோவில் ஏறி இறங்கும்போதே உறை சரியும். குண்டுகளை எல்லாம் நீக்கிவிட்டு, வீட்டில் நாலு தரம் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். கொழும்பு வியர்வைக்கு உலோகம் துருப்பிடிக்கும். இரவில் துடைத்துப் பூட்டி வையுங்கள்.