ஸ்ட்ரோக் வந்தவங்களை எழுப்பி உக்கார வைக்கும்போது மயக்கம் வருதா?

எங்க கோத்தகிரி பக்கம் காலைல குளுருக்கு சூடா டீ குடுக்கலாம்னு படுத்திருக்கவங்கள அப்படியே தூக்கி உக்கார வெச்சிடுவாங்க, அங்கதான் கண்ணு இருட்டி சாயுறது. பல நாள் படுத்தே கெடந்த உடம்புல எழுந்ததும் ரத்தம் காலுக்கு எறங்கிடும், பிரஷர் டக்குனு விழும்.

முதல்ல முதுகுக்கு ரெண்டு மூணு தலகாணி வெச்சு கொஞ்ச நேரம் சாஞ்சாப்ல இருக்கட்டும். அப்புறம் கட்டில் ஓரத்துல காலை தொங்கப்போட்டு பாதத்தை மேல கீழ ஆட்டச் சொல்லுங்க, வராத காலை நீங்களே ஆட்டி விடுங்க. வீக்கான பக்கம் ஒருத்தர் நிக்கணும், ஆனா அந்தக் கைய புடிச்சு மட்டும் இழுக்காதீங்க, தோள்பட்டை எறங்கிடும்.

பிபி மிஷின் இருந்தா படுத்திருக்கப்போ ஒண்ணு, எழுப்பி 3 நிமிஷத்துக்குள்ள ஒண்ணு பாருங்க. மேல் நம்பர் 20, இல்ல கீழ் நம்பர் 10 கொறஞ்சா எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, பிரஷர் மாத்திரைய நீங்களா நிறுத்த வேண்டாம்.

குளிர் ஊர்ல தாகமே எடுக்காது, தண்ணி கம்மியா போறதும் ஒரு காரணம். முழுங்க கஷ்டம்னா டாக்டர் சொன்னபடி கெட்டியாக்கி குடுங்க.

மயங்கிட்டா உடனே படுக்க வெச்சு காலைத் தூக்கி வைங்க, சோடா வாங்கி வாயில ஊத்துற வேலையே வேண்டாம் (நம்மாளுங்க அதுக்குத்தான் மொதல்ல ஓடுவாங்க), பொரை ஏறிடும். படுத்ததும் சீக்கிரம் தெளியல, இல்ல புதுசா வாய் கோணுது, பேச்சு குழறுதுன்னா 108, மலை ரோட்டுல வண்டி வர லேட்டாகும், அதனால பாக்கலாம் பாக்கலாம்னு இருக்காதீங்க.