மீதி ஒன்பது மார்க் எங்கே?

பிள்ளையைச் சிங்கப்பூர்ப் பள்ளியில் சேர்த்தாயிற்றா? சீருடை, பஸ், இடைவேளை எல்லாம் அவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். நாலு பேர் கூடினால் மார்க் விசாரிக்கும் நம் பழக்கம்தான் லேசில் போகாது.

இங்கே தொடக்கநிலை ஒன்று, இரண்டில் 2019 முதல் தேர்வே கிடையாது. மற்ற வகுப்புகளிலும் 2023க்குள் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில், 2021 முதல் ஒரு பாடத்தில் 90, அதற்கு மேல் எடுத்த எல்லோருக்கும் ஏஎல் 1தான், அதாவது மிக உயர்ந்த தரநிலை. 91ம் ஒன்று, 100ம் ஒன்று. இதெல்லாம் தெரிந்தும், தொடக்கநிலை ஐந்தில் என் மகள் 91 வாங்கி வந்தபோது நான் கேட்டது, "மீதி ஒன்பது எங்கே?" அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் டப்பாவில் வைத்த மூன்று இட்லியும் அப்படியே திரும்பி வந்தன. அதற்கடுத்த நாளும்.

வகுப்பாசிரியர் பள்ளி ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். 'பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று பேர் வந்துவிடுமோ' என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். எல்லாப் பள்ளிகளிலும் ஆலோசகர் உண்டு. வீட்டில் சொல்லத் தயங்கும் சின்னப் பிள்ளைகளுக்கு டிங்கிள் ஃபிரெண்ட் தொலைபேசிச் சேவையும் இருக்கிறது: 1800-2744-788.

உயர்நிலையில் 2024-ஆம் ஆண்டு சேர்ந்தவர்களிலிருந்து, பிஎஸ்எல்இ மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகள் இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலை மாறலாம்; ஜி3தான் மேல்நிலை. கணக்கில் தடுமாறும் பிள்ளை அதை ஜி2-விலும், கெட்டியாக வரும் தமிழை ஜி3-யிலும் படிக்கலாம். "எக்ஸ்பிரஸா, நார்மலா?" என்று இன்னமும் கேட்கும் அங்கிள்கள் இருக்கிறார்கள். சிரித்துவிட்டு நகருங்கள்.

அப்புறம் பணம். கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான். சம்பளச் சீட்டில் சிண்டா என்று ஒரு பிடித்தம் பார்த்திருப்பீர்களே, 1991-இல் தொடங்கிய அந்த அமைப்பு பீட்டி ரோட்டில் இருக்கிறது. இந்தியப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் டியூஷன் நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள்.

பெற்றோர் சந்திப்புக்குப் போனால், மார்க்கைப் பற்றிப் பேசுமுன் ஒன்று கேளுங்கள்: "இடைவேளையில் இவள் யாரோடு சாப்பிடுகிறாள்?" நான் கேட்டபோது ஆசிரியர் சட்டென்று இரண்டு பேர் சொன்னார். இரண்டும் நான் அதுவரை கேட்டிராத பெயர்கள்.