சீன் பில்டர் திறக்கிறது, புரோகிராம் ஓடவில்லை: ஜாவாஎஃப்எக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டன், டெக்ஸ்ட் ஃபீல்டு, டேபிள் என்று எல்லாவற்றையும் மவுஸால் இழுத்துப் போட்டுத் திரையை வடிவமைக்க ஜாவாக்காரர்களிடம் இருக்கும் கருவி சீன் பில்டர். அந்தத் திரைகளை ஓட்டும் ஜாவா லைப்ரரிதான் ஜாவாஎஃப்எக்ஸ். இன்ஸ்டால் செய்வதில் சிக்கலே இல்லை. வடிவமைத்த திரையைத் தன் புரோகிராமில் ஓட்டிப் பார்க்கும்போதுதான் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி பக்கம் பக்கமாகக் கொட்டும். உடனே பலரும் சீன் பில்டரை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அதனால் பெரும்பாலும் ஒரு பயனும் இருக்காது.

சீன் பில்டர் தனக்கு வேண்டிய ஜாவாவையும் ஜாவாஎஃப்எக்ஸையும் தன் இன்ஸ்டாலருக்குள்ளேயே சுமந்து வருகிறது. உங்கள் கணினியில் ஜாவாவே இல்லாவிட்டாலும் அது திறக்கும். அது அழகாகத் திறந்து, ப்ரிவியூவும் காட்டுகிறது என்பதால் உங்கள் புராஜெக்ட்டில் ஜாவாஎஃப்எக்ஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது உங்களுக்குத் தருவது திரையின் வடிவம் எழுதிய எஃப்எக்ஸ்எம்எல் என்ற ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். அந்த ஃபைலும் உங்கள் ஜாவா கோடும் சந்திக்கிற இடங்களில்தான் கோளாறு வரும். தேட வேண்டியதும் அங்கேதான்.

ஜாவா 8 காலத்துக் குறிப்புகளைப் பின்பற்றுவது

ஆரக்கிள் தந்த ஜாவா 8 ஜேடிகேவுக்குள் (ஜாவா புரோகிராம் எழுதி ஓட்டத் தேவையான தொகுப்பு) ஜாவாஎஃப்எக்ஸும் சேர்ந்தே வந்தது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் அதைப் பிரித்துத் தனியாக்கிவிட்டார்கள். இணையத்தில் சுற்றும் குறிப்புகளில் நிறைய இன்னும் பழைய காலத்தவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் பாடத்தின் ஐந்தாம் அலகில் ஜாவாஎஃப்எக்ஸ் வருகிறது. அந்தப் பாடத்துக்காகப் பழைய நோட்ஸைப் பார்த்து, புதிய ஜேடிகேயை இறக்கி, அப்படியே கம்பைல் செய்தால் "பேக்கேஜ் ஜாவாஎஃப்எக்ஸ்.அப்ளிகேஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று வரும். கம்பைல் ஆகி ஓடும்போது மட்டும் தடுக்கினால் "ஜாவாஎஃப்எக்ஸ் ரன்டைம் காம்பொனன்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்" என்று வரும். இரண்டுமே புராஜெக்ட்டின் பிரச்சினை. சீன் பில்டருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

முதல்முறை கற்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை, ஜாவாஎஃப்எக்ஸைச் சேர்த்தே தரும் ஜேடிகே ஒன்றைப் போடுவது. பெல்சாஃப்ட்டின் லிபெரிக்கா ஃபுல், அஸூலின் ஜூலு எஃப்எக்ஸ் இரண்டும் இந்த வகை. லிபெரிக்காவில் 'ஃபுல்' என்று குறித்த பொதியையே எடுக்க வேண்டும். சாதாரணப் பொதியில் ஜாவாஎஃப்எக்ஸ் இருக்காது. இவற்றைப் போட்டபின், ஜாவாஎஃப்எக்ஸை மட்டும் தனியாகத் தரும் எஸ்டிகே பொதியையும் இறக்கிச் சேர்க்காதீர்கள். ஒரே புரோகிராமில் இரண்டு ஜாவாஎஃப்எக்ஸ் மோதிக்கொண்டால், விளையும் பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

கோடு எழுதும் மென்பொருளாக (ஐடிஇ) இன்டெலிஜேயைப் பயன்படுத்துபவர்கள் புதிய புராஜெக்ட் தொடங்கும்போது இடப்பக்கப் பட்டியலில் 'ஜாவாஎஃப்எக்ஸ்' என்பதையே தேர்ந்தெடுத்தால் போதும். மேவன் அல்லது கிரேடில் என்ற பில்ட் கருவி தேவையானதைத் தானே இறக்கிக்கொள்ளும்.

எஸ்டிகே இறக்கியவர்கள் தவறும் இடம்

தனி எஸ்டிகேதான் வேண்டும் என்பவர்கள் ஜாவாஎஃப்எக்ஸ் பொதிகளைத் தரும் குளூவான் நிறுவனத்தின் தளத்தில் இறக்கும்போது 'டைப்' என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். எஸ்டிகே, ஜேமாட்ஸ் என்ற வகைகள் அங்கே இருக்கும். ஜேமாட்ஸ் என்பது தனி ரன்டைம் கட்டிக்கொள்பவர்களுக்கானது. அதை வைத்துப் புரோகிராமை நேரடியாக ஓட்ட முடியாது. எம்1, எம்2 வகை மேக் வைத்திருப்பவர்கள் ஆர்க்கிடெக்சர் கட்டத்தில் ஏஆர்ச்64 என்பதை எடுக்க வேண்டும்.

இறக்கியபின், புரோகிராமை ஓட்டும் ஜாவாவுக்குக் கொடுக்கும் குறிப்புகளான விஎம் ஆப்ஷன்ஸில் இரண்டு விஷயம் எழுத வேண்டும். '--மாட்யூல்-பாத்' என்பதற்குப் பின் எஸ்டிகே இருக்கும் இடம். '--ஆட்-மாட்யூல்ஸ்' என்பதற்குப் பின் ஜாவாஎஃப்எக்ஸ்.கன்ட்ரோல்ஸ், ஜாவாஎஃப்எக்ஸ்.எஃப்எக்ஸ்எம்எல். எளிய வேலைதான், ஆனால் நாலு விதமாகத் தவறலாம். பாதை எஸ்டிகே ஃபோல்டரோடு நின்றுவிடும். அதற்குள் இருக்கும் 'லிப்' வரை போக வேண்டும். பாதையில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் வைத்தவர்கள் எல்லோரும் இதில் மாட்டுவார்கள். மாட்யூல் பெயர்களுக்கு இடையே காற்புள்ளி மட்டும்தான், அதன்பின் இடைவெளி விடக்கூடாது. நான்காவது, இந்த வரியை 'புரோகிராம் ஆர்கியுமென்ட்ஸ்' கட்டத்தில் ஒட்டிவிடுவது. இன்டெலிஜேயில் விஎம் ஆப்ஷன்ஸ் கட்டம் முதலில் கண்ணுக்கே தெரியாது. ரன் கான்ஃபிகரேஷனில் 'மாடிஃபை ஆப்ஷன்ஸ்' அழுத்தி 'ஆட் விஎம் ஆப்ஷன்ஸ்' என்பதை இயக்கினால்தான் வரும்.

ஜாவாஎஃப்எக்ஸ்.கன்ட்ரோல்ஸ் மட்டும் எழுதி எஃப்எக்ஸ்எம்எல் மாட்யூலை விட்டுவிட்டால், கோடிலேயே எழுதிய திரை ஓடும், சீன் பில்டரில் செய்த திரை ஓடாது. "இல்லீகல்ஆக்சஸ்எரர்" என்று தொடங்கி எஃப்எக்ஸ்எம்எல்லோடர்ஹெல்பர் என்ற பெயர் செய்தியில் தென்பட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த விடுபட்ட மாட்யூலைத்தான்.

பதிப்புப் பொருத்தமும் முக்கியம். ஜாவாஎஃப்எக்ஸ் 17-க்கு ஜேடிகே 11 போதும். ஜாவாஎஃப்எக்ஸ் 21-க்கு ஜேடிகே 17 வேண்டும், 23-க்கு ஜேடிகே 21 வேண்டும். பொருந்தாவிட்டால் "கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61.0" என்பதுபோல ஓர் எண் வரும். அதிலிருந்து 44-ஐக் கழித்தால் தேவைப்படும் ஜாவா பதிப்பு கிடைத்துவிடும்: 61 என்றால் ஜாவா 17, 65 என்றால் ஜாவா 21.

ஐடிஇயிலிருந்து சீன் பில்டரைத் திறப்பது

இது சின்ன விஷயம். இன்டெலிஜேயில் செட்டிங்ஸ், லாங்குவேஜஸ் அண்ட் ஃப்ரேம்வொர்க்ஸ், ஜாவாஎஃப்எக்ஸ் என்று போய் சீன் பில்டரின் இஎக்ஸ்இ ஃபைலைக் காட்ட வேண்டும். நெட்பீன்ஸில் இஎக்ஸ்இயைக் கேட்காது, ஃபோல்டரைக் கேட்கும். எக்லிப்ஸில் முதலில் இ(எஃப்எக்ஸ்)கிளிப்ஸ் பிளகின் வேண்டும். விண்டோஸில் சீன் பில்டர் பெரும்பாலும் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், சீன்பில்டர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் தேடினால் அகப்படாது. இன்டெலிஜேயின் உள்ளேயே எஃப்எக்ஸ்எம்எல் ஃபைலின் அடியில் 'சீன் பில்டர்' என்று ஒரு டேப் உண்டு. அது முரண்டு பிடித்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், சீன் பில்டரைத் தனியாகத் திறந்து வேலை பாருங்கள்.

"லொகேஷன் இஸ் நாட் செட்"

அதிகம் பேரை நிறுத்தும் பிழை இதுதான். "லொகேஷன் இஸ் ரிக்வயர்டு" என்பதும் இதே நோய்தான். எஃப்எக்ஸ்எம்எல் ஃபைலைத் தேடித் தரும் கெட்ரிசோர்ஸ் மெத்தடுக்கு ஃபைல் கிடைக்காமல் நல் (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) திரும்பியிருக்கிறது. ஃபைல் கண் முன்னால் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஜாவா பார்ப்பது உங்கள் சோர்ஸ் ஃபோல்டரை அல்ல, கம்பைல் ஆன ஃபோல்டரை. ஆகவே முதல் வேலையாக, மேவன் புராஜெக்ட்டில் 'டார்கெட்' ஃபோல்டருக்குள் 'கிளாசஸ்' என்பதைத் திறந்து, உங்கள் எஃப்எக்ஸ்எம்எல் ஃபைல் அங்கே வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எக்லிப்ஸின் சாதாரணப் புராஜெக்ட்டில் அந்த இடம் 'பின்' ஃபோல்டர்.

அங்கே இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மேவன் 'ஜாவா' ஃபோல்டரிலிருந்து ஜாவா ஃபைல்களை மட்டும் எடுக்கும், எஃப்எக்ஸ்எம்எல்லை அங்கேயே விட்டுவிடும். எஃப்எக்ஸ்எம்எல் 'எஸ்ஆர்சி', 'மெயின்', 'ரிசோர்சஸ்' என்ற வழியில் இருக்க வேண்டும்.

ரிசோர்சஸில் வைத்தும் வரவில்லையா? இன்டெலிஜேயில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. ரிசோர்சஸின் கீழ் புதிய டைரக்டரிக்கு 'காம்.டெமோ' என்று பெயர் கொடுத்தால், புள்ளியோடு சேர்ந்த ஒரே ஃபோல்டர் உருவாகிவிடும். புராஜெக்ட் பேனலில் அது 'காம்' ஃபோல்டருக்குள் 'டெமோ' ஃபோல்டர் இருப்பதைப் போலவே தெரியும், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் திறந்து பார்த்தால் குட்டு வெளிப்படும். புள்ளிக்குப் பதில் சாய்கோடு போட்டு 'காம்/டெமோ' என்று பெயர் கொடுத்தால் இரண்டு ஃபோல்டராகச் சரியாக வரும்.

ஃபைல் சரியான இடத்தில் இருந்தும் பிழை வந்தால், எழுதிய பாதையைப் பாருங்கள். முன்னால் சாய்கோடு இல்லாமல் 'லாகின்.எஃப்எக்ஸ்எம்எல்' என்று எழுதினால், எந்த கிளாஸிலிருந்து கேட்கிறீர்களோ அதன் பேக்கேஜில் தேடும். சாய்கோட்டோடு எழுதினால் கிளாசஸ் ஃபோல்டரின் தொடக்கத்திலிருந்து முழுப் பாதையும் வேண்டும். கெட்கிளாஸ்லோடர் வழியாகக் கேட்பவர்கள் சாய்கோடே போடக்கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் விண்டோஸ் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஜார் ஃபைலாகக் கட்டியதும், அல்லது லினக்ஸுக்குக் கொண்டுபோனதும் அதே பெயர் காலை வாரும்.

கன்ட்ரோலரில் நிகழும் பெயர்க் குழப்பம்

திரையின் பட்டன் முதலியவற்றை இயக்கும் ஜாவா கிளாஸ்தான் கன்ட்ரோலர். சீன் பில்டரின் வலப்பக்கத்தில் 'ஐடி' என்று இரண்டு இடம் உண்டு. 'ப்ராப்பர்டீஸ்' பகுதியில் இருக்கும் ஐடி, சிஎஸ்எஸ் ஸ்டைலுக்கானது. கோடோடு இணைப்பது 'கோட்' பகுதியில் இருக்கும் எஃப்எக்ஸ் ஐடி. பெயரை முதலாவதில் எழுதிவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, திரையும் நன்றாகத் தெரியும். பட்டனை அழுத்தியதும் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் வரும். ஜாவா 15 முதல் எந்த ஃபீல்டு நல் என்பதைச் செய்தியே பெயரோடு சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரை எஃப்எக்ஸ் ஐடியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிரைவேட் ஃபீல்டாக இருந்தால் மேலே '@எஃப்எக்ஸ்எம்எல்' குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயரெல்லாம் சரியாக இருந்தும் நல் வருகிறது என்றால் இரண்டு சந்தேகம். கன்ஸ்ட்ரக்டருக்குள் ஃபீல்டைத் தொட்டிருப்பீர்கள். அப்போது ஃபீல்டுகள் இன்னும் நிரப்பப்பட்டிருக்காது, அந்த வேலையை இனிஷியலைஸ் மெத்தடில் வைக்க வேண்டும். அல்லது இன்னொரு கிளாஸிலிருந்து 'நியூ' போட்டு கன்ட்ரோலரை உருவாக்கியிருப்பீர்கள். அது வேறொரு ஆப்ஜெக்ட், திரையோடு அதற்கு ஒட்டுறவே இல்லை. திரைக்குச் சொந்தமான கன்ட்ரோலர், எஃப்எக்ஸ்எம்எல்லோடரில் லோடு செய்தபின் கெட்கன்ட்ரோலர் கேட்டால்தான் கிடைக்கும்.

"எரர் ரிசால்விங் ஆன்ஆக்ஷன்" என்று வந்தால், சீன் பில்டரில் எழுதிய மெத்தட் பெயர் கன்ட்ரோலரில் இல்லை. கன்ட்ரோலர் கிளாஸின் பெயரை இடப்பக்கம் கீழே 'கன்ட்ரோலர்' பகுதியில் பேக்கேஜோடு சேர்த்து எழுத வேண்டும். அங்கேயும் எழுதி, கோடிலும் செட்கன்ட்ரோலர் கொடுத்தால் "கன்ட்ரோலர் வேல்யூ ஆல்ரெடி ஸ்பெசிஃபைடு" என்று சண்டைக்கு வரும். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஐடிஇயின் ஆட்டோ இம்போர்ட்டையும் கண்மூடி ஏற்காதீர்கள். பட்டனுக்கு ஜாவா.ஏடபிள்யூடி பேக்கேஜையே முதலில் நீட்டக்கூடும். அதை ஏற்றுக்கொண்டால் பெயர் ஒன்றாக இருந்தாலும் வகை வேறாகி, லோடு ஆகும்போதே உடையும்.

இவ்வளவையும் கையால் எழுதத் தேவையே இல்லை. சீன் பில்டரின் 'வியூ' மெனுவில் 'ஷோ சாம்பிள் கன்ட்ரோலர் ஸ்கெலிட்டன்' என்று ஒன்று இருக்கிறது. எஃப்எக்ஸ் ஐடி கொடுத்த எல்லா ஃபீல்டையும், மெத்தட் பெயரையும், சரியான இம்போர்ட்டையும் அதுவே எழுதித் தரும். காப்பி செய்து ஒட்டினால் முடிந்தது. ஏனோ பலர் இந்த மெனுவைத் திறப்பதே இல்லை.

பிழைச்செய்தி எவ்வளவு நீளமானாலும் கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரியிலிருந்து படியுங்கள். மேலே இருக்கும் இன்வொகேஷன்டார்கெட்எக்ஸெப்ஷன் வெறும் உறை. லோடுஎக்ஸெப்ஷன் என்று வந்தால் அதன் அருகில் எஃப்எக்ஸ்எம்எல் ஃபைலின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். நேராக அந்த வரிக்குப் போய்விடலாம்.

புராஜெக்ட்டில் மாட்யூல்-இன்ஃபோ ஃபைல் இருந்தால் இன்னொரு பூட்டும் உண்டு. கன்ட்ரோலர் இருக்கும் பேக்கேஜை 'ஓபன்ஸ்' போட்டு ஜாவாஎஃப்எக்ஸ்.எஃப்எக்ஸ்எம்எல் மாட்யூலுக்குத் திறந்துவிட வேண்டும். கன்ட்ரோலர்களைப் புதிய பேக்கேஜுக்கு மாற்றியபின் திடீரென்று ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

மாற்றியது திரையில் வரவில்லை

சீன் பில்டரில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. கன்ட்ரோல்-பி அழுத்தி வரும் ப்ரிவியூ, சேமிக்காததையும் காட்டும். அதோடு ப்ரிவியூ உங்கள் கன்ட்ரோலரை ஓட்டாது, ஆகவே பட்டன் வேலை செய்யவில்லை என்று அதில் சோதித்துப் பயனில்லை. எக்லிப்ஸில் வெளியிலிருந்து மாறிய ஃபைல் தானாகப் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். புராஜெக்ட்டைத் தேர்ந்து எஃப்5 அழுத்திவிட்டு ஓட்டுங்கள். ஒரே எஃப்எக்ஸ்எம்எல்லை ஐடிஇயிலும் சீன் பில்டரிலும் மாற்றி மாற்றித் திருத்தினால், கடைசியாகச் சேமித்தது மற்றதை அழித்துவிடக்கூடும்.

"லோடிங் எஃப்எக்ஸ்எம்எல் டாக்குமென்ட் வித் ஜாவாஎஃப்எக்ஸ் ஏபிஐ ஆஃப் வெர்ஷன்" என்று தொடங்கும் செய்தி பிழை அல்ல, எச்சரிக்கை. உங்கள் ரன்டைமைவிட சீன் பில்டர் புதியது என்கிறது. எஃப்எக்ஸ்எம்எல்லின் மேல்பகுதியில் இருக்கும் பதிப்பு எண்ணை ரன்டைமின் எண்ணுக்கு மாற்றினால் போய்விடும். அடுத்தமுறை சீன் பில்டரில் சேமிக்கும்போது எண் மறுபடி ஏறலாம், கவலைப்பட வேண்டாம்.

வெளி லைப்ரரியின் கன்ட்ரோல்களையோ, நீங்களே எழுதியதையோ பயன்படுத்தும் எஃப்எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் சீன் பில்டர் "ஓபன் ஆபரேஷன் ஹேஸ் ஃபெயில்டு" என்று கைவிரிக்கலாம். புராஜெக்ட்டில் சேர்த்த ஜார் சீன் பில்டருக்குத் தெரியாது. லைப்ரரி பகுதியின் பல்சக்கரச் சின்னத்தை அழுத்தி 'ஜார்/எஃப்எக்ஸ்எம்எல் மேனேஜர்' வழியாக அதை இங்கேயும் சேர்க்க வேண்டும். சேர்த்தும் கன்ட்ரோல் பட்டியலில் வரவில்லை என்றால், சீன் பில்டருக்குள் இருக்கும் ஜாவாவைவிடப் புதிய ஜாவாவில் அந்த ஜார் கம்பைல் ஆகியிருக்கக்கூடும். சொந்தக் கன்ட்ரோலின் கன்ஸ்ட்ரக்டரில் டேட்டாபேஸ் இணைப்பு போன்றவற்றையும் வைக்காதீர்கள். வடிவமைப்புத் திரையில் அதைக் காட்ட சீன் பில்டர் அந்தக் கன்ஸ்ட்ரக்டரை நிஜமாகவே ஓட்டுகிறது. டேட்டாபேஸ் கிடைக்காவிட்டால் கன்ட்ரோலும் பட்டியலில் வராது.