சொகுசு எஸ்.யு.வி.யில் பிரேக் பேடும் டிஸ்க்கும் நீங்களே மாற்றுகிறீர்களா?

முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் பிரேக் டிஸ்க் சீக்கிரம் துருப்பிடிக்கும். பேடுடன் டிஸ்க்கையும் மாற்றுவதென்றால், தரை மட்டமாக இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம். ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் தூக்கும் முன் ஜாக் மோடு (சஸ்பென்ஷன் தானாக உயரத்தை மாற்றாமல் நிறுத்தும் அமைப்பு) போடுங்கள்.

பின்சக்கரத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் முதலில் அதை சர்வீஸ் மோடுக்கு, அதாவது மோட்டார் பின்வாங்கி பிஸ்டனை விடுவிக்கும் நிலைக்கு, கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்யாமல், பேடைத் தள்ளும் பிஸ்டனை அமுக்கி உள்ளே தள்ளினால் பார்க்கிங் பிரேக்கின் மோட்டார் கெட்டுவிடலாம். செலவு பெரிது.

காலிப்பரை (பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பழைய டிஸ்க் வெளியே வந்ததும் அவசரப்படாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பாகம்) முகத்தில் துரு செதில் செதிலாகப் படிந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஒரு சிறு செதில் தங்கினாலும் புது டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து, நாளடைவில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறும். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். புது டிஸ்க்கில் உள்ள எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேடு தேய்ந்ததைக் காட்டும் சென்சாரையும் புதிதாகப் போடுங்கள். போல்ட்டுகளை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். அப்புறம் புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பதிய, காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ.க்கு, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை சீராகக் குறையுங்கள். பேச்சிப்பாறை மலைப்பாதை அதன் பிறகு போதும்.