கடல்நீர்த் தொட்டியைக் கைமாற்றும்போது: உயிர்கள் முதலில், கண்ணாடி கடைசியில்

கடல்நீர்த் தொட்டியை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் விற்பது விளக்கையும், நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரையும்தான். அவற்றுக்குத்தான் உடனே ஆள் கிடைக்கும். ஸ்கிம்மர் போன பிறகு கழிவு சேர்ந்து நீர் கெடத் தொடங்கும். விளக்கு போனால் பவளம் வெளிறும். மீன்களுக்கு இடம் கிடைப்பதற்குள் அவை நோயில் விழுந்திருக்கும். வரிசையைத் தலைகீழாக்குங்கள்: மீனும் பவளமும், அடுத்து பாறை, கடைசியில் கருவிகள். கண்ணாடி எத்தனை மாதம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுங்கள். விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கடல்நீர்த் தொட்டியின் உண்மையான வடிகட்டி உயிர்ப்பாறைதான். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அதன் துளைகளில் குடியிருக்கிறது. பாறை ஒரு வீட்டுக்கும் மீன் இன்னொரு வீட்டுக்கும் போனால், மீனை வாங்குபவரிடம் ஏற்கெனவே இந்தப் பாக்டீரியா வளர்ந்து பழகிய தொட்டி இருக்க வேண்டும். நேற்று வாங்கிய காலித் தொட்டியில் உப்பைக் கரைத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு மீனைக் கொடுக்காதீர்கள்.

கொடுக்கும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். தொட்டி எத்தனை லிட்டர்? உள்ளே என்னென்ன இருக்கின்றன? நீல டேங் மீன் 30 செ.மீ. வரை வளரும், 100 லிட்டர் தொட்டிக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் அது அவருக்கு ஆகாது. மாண்டரின் மீன் கோபிபாட் என்னும் நுண்ணிய நீருயிரிகளைக் கொத்தித் தின்றுகொண்டே இருப்பது. புதுத் தொட்டியில் பட்டினியால் மெலிந்து சாகும். இணைசேர்ந்த கோமாளி மீன்களைப் பிரிக்காதீர்கள். நீங்களும் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்: அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும்; இறால், நத்தை, பவளம் எல்லாம் அதில் மடியும்.

நாட்டு எல்லையைத் தாண்டி அனுப்புவதானால் அனுமதிச் சீட்டு வேண்டும். கல்பவளங்கள், ராட்சதச் சிப்பிகள், கடல் குதிரைகள் ஆகியவை, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை.

ஆள் கிடைக்கவில்லை என்றால் கடலில் விடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. புளோரிடா கடலோரத்தில் 1985இல் முதலில் தென்பட்ட சிங்க மீன் இன்று கரீபியன் முழுக்கப் பரவி அங்குள்ள குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. அது வீட்டுத் தொட்டிகளிலிருந்து போனது என்பதே ஆய்வாளர்களின் பரவலான கருத்து. 1984இல் மொனாக்கோ கரையில் கண்டறியப்பட்ட காலெர்பா பாசி மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பை மூடியது. பிடித்த அதே கடலில் திருப்பி விடுவதும் தவறு; தொட்டியில் ஒட்டிக்கொண்ட நோய்க்கிருமியும் கூடவே போகும்.

முந்தைய வாரம்

200 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். பாறையும் மணலும் அடைத்த இடம் போக அதில் 170 லிட்டர் நீர் இருக்கும். அதில் 100 முதல் 110 லிட்டரைத் தெளிவாக எடுத்துச் செல்லலாம். மீதிக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 120 லிட்டர் புது உப்புநீர் வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் கடலுப்புக் கலவை என்றால் நாலரைக் கிலோவுக்குச் சற்று முன்பின். ஆர்.ஓ. நீரில் கரைத்து, பம்பு ஓடவிட்டு, ஒரு நாள் முன்பே புது இடத்தில் தயாராக வையுங்கள். நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி. புறப்படும் காலையில் அவசரமாகக் கலக்கிய நீர் மீனின் செவுளை எரிக்கும்.

உணவுப்பொருள் வைக்கத் தகுந்த, மூடியுள்ள 20 லிட்டர் வாளிகள் பன்னிரண்டாவது வேண்டும். சோப்பு பட்ட வாளி ஆகாது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டு, தெர்மாகோல் பெட்டிகள், தடித்த பிளாஸ்டிக் பைகள், கையுறை, கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி. மீன்களுக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள். வயிறு காலியாக இருந்தால் பைநீர் அவ்வளவு கெடாது.

பிரிக்கும் நாள்

முதலில் ஹீட்டரை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். சூடாக இருக்கும்போதே நீர்மட்டம் இறங்கினால் ஹீட்டரின் கண்ணாடி வெடிக்கும். பிறகு மற்ற இணைப்புகளையும் பிடுங்கிவிடுங்கள். உப்பு படிந்த வயரை ஈரக்கையால் தொடாதீர்கள்.

எதையும் கலக்குவதற்கு முன் மேல்நீரைக் குழாய் போட்டு வாளிகளில் இறக்குங்கள். அடுத்து பவளங்கள், பிறகு பாறைகள், கடைசியில் மீன்கள். பாறை இருக்கும்வரை மீனைத் துரத்தினால் கிடைக்காது. அது களைக்கும், உங்கள் கையும் கீறும். பாறை வெளியே போய் நீர் 15 செ.மீ.க்கு இறங்கினால் தானாகவே மாட்டும். வலையைவிட ஒரு தெளிந்த டப்பா நல்லது. டேங் மீனின் வாலடி முள்ளும் சிங்க மீனின் முதுகு முள்ளும் வலையில் சிக்கிக்கொள்ளும். பேத்தை மீனை நீருக்கு மேலே தூக்கவே கூடாது. காற்றை விழுங்கி உப்பிவிட்டால் அதை வெளியேற்றப் பாடுபடும். சிங்க மீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவுக்குச் சுடுநீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், காயத்தை அரை மணி நேரமாவது ஊறவைத்து மருத்துவரிடம் போங்கள்.

கடல் சாமந்தியைப் பிய்க்க வேண்டாம். அடிப்பாதம் கிழிந்தால் அழுகி, கூட இருப்பதையும் கெடுக்கும். ஒட்டியிருக்கும் சிறு பாறையோடு எடுங்கள். முடியாவிட்டால் பாதத்தின் ஓரத்தில் நகத்தால் மெல்ல மெல்ல நெம்புங்கள். பயணத்தில் அது சளியைக் கக்கும். தனிப் பை தேவை.

பொத்தான் போன்ற ஜோவாந்திட் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய பாறையைத் தேய்ப்பது, சுடுநீர் ஊற்றுவது, கொதிக்கவைப்பது மூன்றும் ஆபத்து. ஆவியை மூச்சில் இழுத்தாலே வீட்டிலுள்ள எல்லோரும் மருத்துவமனைக்குப் போக நேரிடும்.

பாறையை நீருக்குள்ளேயே வைத்து எடுத்துச் செல்வதே சிறப்பு. ஈரத்துணி சுற்றிச் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்றாலும், பாறைக்குள்ளிருக்கும் பஞ்சுயிரிகள் காற்றுப் பட்டால் சாகும். அது பிறகு அம்மோனியாவாகத் திரும்பி வரும். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டியை நீரோடு மூடியபடி வண்டியில் ஏற்றாதீர்கள். ஓட்டம் நின்றால் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகும். வடிகட்டிப் பொருளை எடுத்து, திறந்த வாளியில் தொட்டி நீர் விட்டு வையுங்கள்.

மணல்தான் பலரைக் கவிழ்ப்பது. 5 செ.மீ.க்கு மேல் ஆழமாக, கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த மணலை அப்படியே அள்ளிப் புதுத் தொட்டியில் போட்டால் ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். மேலடுக்கிலிருந்து ஒரு கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மாற்றிவிடுவது நல்லது. மணலோடோ நீரோடோ தொட்டியைத் தூக்க நினைக்கவே வேண்டாம்: 200 லிட்டர் கடல்நீரே 205 கிலோ. பாதி காலியாக்கித் தூக்கினாலும் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும்.

பையும் பயணமும்

ஒரு பைக்கு ஒரு மீன். மூன்றில் ஒரு பங்கு நீர், இரு பங்கு காற்று. முள்ளுள்ள மீனுக்கு இரண்டு பை, இடையில் நாளிதழ் ஒரு தாள். எல்லாம் இருட்டான தெர்மாகோல் பெட்டிக்குள். நட்சத்திர மீனைக் காற்றில் காட்டாமல் நீருக்குள்ளேயே பைக்கு மாற்றுங்கள். பெரிய மீன்களுக்கு வாளியும் காற்றுப் பம்பும்.

புது இடத்தில்

பாறையை அடிக்கண்ணாடியில் நேரடியாக நிறுத்தி, பிறகு மணலைப் போடுங்கள். மணல் மேல் வைத்த பாறை, குழி தோண்டும் கோபி மீனால் சரியும். பழைய நீர், புது நீர், பம்பு, ஹீட்டர். நீர் தெளிந்து 25 டிகிரி வந்து அம்மோனியா சோதனை சுழியம் காட்டும்வரை மீன்கள் பையிலோ வாளியிலோ இருக்கட்டும்.

பயணம் ஓரிரு மணி நேரம்தான் என்றால் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, ஒப்படர்த்தி 0.002க்குள் பொருந்துகிறதா பார்த்து மீனை மட்டும் விடுங்கள். பைநீரை ஊற்ற வேண்டாம். இறால், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றுக்குச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி முதல் இரண்டு மணி வரை தேவை. நெடுந்தூரப் பயணத்தில் கணக்கு வேறு. மூடிய பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அந்த நிலையில் அம்மோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறி நஞ்சு விழித்துக்கொள்ளும். அப்போது மணிக்கணக்கில் சொட்டுவிட்டால், பழக்குகிறோம் என்ற பெயரில் மீனைக் கொல்வதாகிவிடும். பைநீரின் உப்பை முன்கூட்டியே கேட்டு, அதே அளவில் வைத்திருக்கும் தனித்தொட்டிக்கு உடனே மாற்ற வேண்டும்.

முதல் வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் தொட்டால் கால் பங்கு நீரை மாற்றுங்கள். அதற்குத்தான் அந்த உபரி நீர். தீனி சிட்டிகைக் கணக்கு. விளக்கு பாதி வெளிச்சம், நான்கைந்து மணி நேரம். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டலாம்.

பழைய வீட்டில் மிஞ்சிய உப்புநீரைச் செடிக்கு ஊற்றினால் செடி கருகும், மழைநீர் வடிகாலில் விட்டால் அது ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். கழிவறைச் சாக்கடையில் விடுங்கள். யாரும் வாங்காத பாறையை, ஜோவாந்திட் இல்லாவிட்டால், திறந்த வெளியில் நாற்றம் அடங்கும்வரை சில வாரம் வெயிலில் காயவையுங்கள். காய்ந்த பாறைக்கும் வாங்க ஆள் உண்டு.