பல மொழி மோனோரெப்போவில் ஃபார்மேட்டிங் சண்டை ஓய

கோ, பைத்தான், டைப்ஸ்கிரிப்ட் மொழிக் கோடுகள் ஒரே ரெப்போவில் (அதுதான் மோனோரெப்போ) இருந்தால் மூன்றுக்கும் ஒரே இன்டென்ட் (வரித் தொடக்க இடைவெளி) வைக்கப் பார்க்காதீர்கள். கோவின் ஃபார்மேட்டர் கோஎஃப்எம்டி (gofmt) டேப்தான் போடும். பைத்தானுக்கான பிளாக் 4 ஸ்பேஸ், வரிக்கு 88 எழுத்து. டைப்ஸ்கிரிப்ட்டுக்கான பிரிட்டியர் 2 ஸ்பேஸ், 80 எழுத்து. அதையே விதியாக விடுங்கள். எல்லா எடிட்டருக்கும் பொது அமைப்பைச் சொல்லும், ரூட்டிலுள்ள எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் பொதுவானவை போதும்: யுடிஎஃப்-8, எல்எஃப் வரிமுடிவு. மேக்ஃபைலுக்கு மட்டும் தனியாக டேப். அந்த டேப் இடத்தில் ஸ்பேஸ் புகுந்தால் மேக் கட்டளை 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று நின்றுவிடும்.

ஃபார்மேட்டர் வெர்ஷனைப் பூட்டாவிட்டால் உங்கள் மெஷினில் பாஸ், சிஐயில் (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஃபெயில்.

மொத்த ரெப்போவையும் முதல்முறை ஃபார்மட் செய்வது தனி கமிட்டாகவே இருக்கட்டும். அந்தக் கமிட்டின் முழு ஹேஷை (அடையாளக் குறியீடு) ஒரு கோப்பில் எழுதி, கிட்டின் பிளேம் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் (blame.ignoreRevsFile) அமைப்பில் காட்டுங்கள், 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. இதை விட்டால், எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் பிளேமில் பாதி வரிகளுக்கு ஃபார்மட் ஓட்டியவர் பெயர்தான் வரும், பாவம்.